கடைசி வண்டி வந்து சேர்ந்ததா?



ரயில்வேக்காரன் எதைப் பற்றி எழுதினாலும் அதற்குள் ஒரு ரயில் ஓடும் என்று நம் நண்பர்கள் கேலி செய்வதுண்டு. இந்தத் தடவை நான் எழுத உட்கார்ந்திருப்பது ஓட்டப் பந்தயத்தைப் பற்றி. ஆனாலும் ரயில் குறுக்கே வரத்தான் செய்யும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025-ஆம் வருஷம் ஏப்ரல் 27-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரில் நடந்த உலக 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் நானும் ஓடினேன். என் வயது அப்போது 64. அன்று ஆண்களுக்கான பந்தயத்தில் முதலாவதாக வந்தவர் உகாண்டா நாட்டின் ஜோஷுவா செப்டெகெய். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பத்தாயிரம் மீட்டரில் தங்கம் வாங்கியவர். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 28 நிமிடத்துக்கும் குறைவு. நான் எடுத்துக்கொண்டது 1 மணி 41 நிமிடம். அதே ஊர், அதே நாள், அதே தூரம்! பேரப்பிள்ளைகளிடம் நான் இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

தமாஷ் ஒரு பக்கம் இருக்கட்டும். அன்று ஒரு விஷயம் என் மனதில் தைத்தது. அதைச் சொல்ல முதலில் நாற்பது வருஷம் பின்னால் போக வேண்டும்.

நான்கு பேர் தள்ளிய நாற்காலி

நான் பிறந்தது சித்தூரில். என் தகப்பனார் ஆரணியிலிருந்து பிழைப்பைத் தேடி அங்கே வந்தவர். வீட்டுக்குள் தமிழ், வாசற்படி தாண்டினால் தெலுங்கு. சிவில் டிப்ளமா முடித்து 1983-இல் ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் சேர்ந்தேன். பி.டபிள்யூ.ஐ. என்று சொல்வார்கள், தண்டவாளத்துக்குக் காவல்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்பாடி, சித்தூர், பாகாலா, சந்திரகிரி, திருப்பதி என்று மீட்டர் கேஜ் காலம் முதல் அகலப்பாதைக் காலம் வரை அந்தப் பாதையில் பல வருஷம் வேலை பார்த்தேன். 2021-இல் ஓய்வு பெற்றுத் திருப்பதியில் குடியிருக்கிறேன்.

பாதையைப் பார்வையிட எங்களுக்குப் 'புஷ் டிராலி' கொடுப்பார்கள். இளைய தலைமுறைக்கு இது தெரிந்திருக்காது. நான்கு இரும்புச் சக்கரம், மேலே பலகை, உட்கார ஒரு பெஞ்சு, கையால் பிடிக்கும் பிரேக். அவ்வளவுதான். எஞ்சின் கிடையாது. டிராலிமேன் நான்கு பேர் இருப்பார்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு தண்டவாளத்தின் மேல் ஓடிக்கொண்டே தள்ளுவார்கள். வேகம் எடுத்ததும் தாவி ஏறிக்கொள்வார்கள். வேகம் குறைந்ததும் மறுபடி குதித்து ஓடுவார்கள். ஏற்றம் வந்தால் நான்கு பேரும் தள்ள வேண்டும். ரயில் வருகிறது என்றால் டிராலியைத் தூக்கிப் பாதைக்கு வெளியே வைக்க வேண்டும்.

தண்டவாளத்தின் தலை எவ்வளவு அகலம் தெரியுமா? 52 கிலோ தண்டவாளம் என்றால் 67 மில்லிமீட்டர். நம் கையில் நான்கு விரல் அகலம்கூட இராது. அதன் மேல்தான் ஓட்டம். சித்திரை வெயிலில் இரும்பு தகிக்கும். பெஞ்சில் குடை பிடித்து உட்கார்ந்து, நோட்டுப் புத்தகத்தில் குறை எழுதிக்கொண்டு வருவது நான். ஓடுவது அவர்கள்.

அப்படிப் பதினொரு வருஷம் என் டிராலியைத் தள்ளியவர்களில் ஒருவர் சந்திரகிரிப் பக்கத்துக்காரர். என்னைவிட இரண்டு வயது பெரியவர். தெலுங்கில் 'நுவ்வு' என்றால் நீ. 'மீரு' என்றால் நீங்கள். பதினொரு வருஷமும் அவர் எனக்கு 'மீரு'. நான் அவருக்கு 'நுவ்வு'. அப்போது அது ஒரு குறையாகவே எனக்குப் படவில்லை. ஆபீஸ் வழக்கம் அது.

டாக்டர் சொன்னது

ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம் சர்க்கரை வியாதி வந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் 8.2 என்று வந்தது. டாக்டர் கணக்கைப் பார்த்துவிட்டு, "ரயில்வேயில் இருந்தவர்தானே, நிறைய நடந்திருப்பீர்களே?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நான் டிராலியில் போனவன் அல்லவா!

மாத்திரையோடு நடைப்பயிற்சியும் எழுதிக் கொடுத்தார். விடியற்காலையில் கபிலதீர்த்தம் சாலை வழியாக அலிபிரி வரை நடந்து திரும்புவேன். அலிபிரியில்தான் திருமலைக்குப் போகும் படிகள் ஆரம்பம். மொத்தம் 3,550 படி. ஒரு நாள் அங்கே, படி ஏறப் போகும் கூட்டத்தில், ஒரு ஒல்லியான மனிதர் என்னைப் பார்த்ததும் நின்று விறைப்பாக சல்யூட் அடித்தார். என் டிராலிமேன்!

அவர் 2019-இல் ஓய்வு பெற்றவர். ஸ்ரீவாரி மெட்டு என்று இன்னொரு படிப்பாதை இருக்கிறது, 2,388 படிகள், அது அவர் வீட்டுக்குப் பக்கம். மாதம் இரண்டு தடவை அதில் ஏறிவிடுவாராம். அன்றைக்கு மாற்றமாக இருக்கட்டும் என்று அலிபிரிக்கு வந்திருக்கிறார். என்னைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, "சார் இளைச்சுட்டீங்க" என்று வருத்தப்பட்டார். விஷயத்தைச் சொன்னேன். "பரவாலேது சார், ஓடினா சரியாப் போயிடும்" என்றார், ஏதோ கடைக்குப் போய்வரச் சொல்வதுபோல.

பெங்களூரில் இருக்கும் என் மகன் போனில் இதைக் கேட்டுச் சிரித்தான். பிறகு, "அப்பா, இங்கே ஏப்ரலில் பத்து கிலோமீட்டர் ஓட்டம் இருக்கிறது. வயது வரம்பு மேலே கிடையாது. பெயர் கொடுக்கட்டுமா?" என்றான். ஏதோ ஒரு தைரியத்தில், "இரண்டு பேருக்காகக் கொடு" என்றேன்.

சின்ன அடி

பொங்கல் கழித்துப் பயிற்சி ஆரம்பித்தோம். டாக்டரிடம் கேட்டு, இருதயத்துக்கு ஒரு பரிசோதனையும் செய்துகொண்டுதான் ஆரம்பித்தேன். நம்மில் அறுபதைத் தாண்டியவர்கள் இந்த ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது.

வாரத்துக்கு மூன்று நாள் அவர் சந்திரகிரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. அதற்கே எனக்கு நாக்குத் தள்ளியது. அவர் பக்கத்தில் அலட்டாமல் வருவார். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் சரியான வேகம் என்று மகன் சொல்லியிருந்தான். அவரோ ஓடிக்கொண்டே பழைய கதையெல்லாம் பேசுவார். எனக்கு 'ம்' கொட்டக்கூட மூச்சு இருக்காது.

ஒரு நாள் என்னை நிறுத்தி, "சார், நீங்க அடியை நீட்டிப் போடுறீங்க. ரயில் மேல அப்படி ஓடினா விழுந்துடுவோம். அடி சின்னதா போடுங்க. பாதம் இடுப்புக்கு நேர் கீழ விழணும். காலைப் பாக்காதீங்க, பத்துக் கட்டை தள்ளிப் பாருங்க" என்றார். கட்டை என்றால் ஸ்லீப்பர். பிறகு ஓட்டப் பயிற்சி பற்றிய ஒரு புத்தகத்தைப் புரட்டியபோது, காலை உடம்புக்கு முன்னால் நீட்டி ஊன்றாதே, அடியைச் சுருக்கு என்று அதே பாடம் எழுதியிருந்தது. பதினொரு வருஷம் என் முதுகுக்குப் பின்னால் ஒரு வாத்தியார் ஓடியிருக்கிறார்; நான் திரும்பிப் பார்க்கவில்லை!

மார்ச் முடிவதற்குள் ஏழு கிலோமீட்டர் வரை வந்துவிட்டேன். சர்க்கரையும் ஓரளவு இறங்கியது. என் மகன் வாங்கி அனுப்பிய புது ஷூ அவர் குதிகாலைக் கடித்துவிட்டது. "பழையதே போதும் சார்" என்று பழைய கான்வாஸ் ஷூவுக்கே திரும்பிவிட்டார். நல்ல முடிவுதான். பந்தயத்தன்று புது ஷூ ஆகாது என்பது அனுபவசாலிகள் எல்லாரும் சொல்வது.

பத்து மீட்டர் கூடுதல்

ஏப்ரல் 25 இரவு ரயில் ஏறினோம். திருப்பதியிலிருந்து பாகாலா, சித்தூர், காட்பாடி, ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூர் போகும் வண்டி. நாங்கள் பார்த்துப் பார்த்துப் பராமரித்த பாதை. இருட்டில் சக்கரச் சத்தத்தை வைத்தே, "இது அந்த வளைவு, இது அந்தப் பாலம்" என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டு வந்தோம். அவர் மனைவி கட்டிக்கொடுத்த வேர்க்கடலை உருண்டை காட்பாடி வருவதற்குள் காலி.

மறுநாள் எங்கள் எண் அட்டையை வாங்கப் போனோம். ஓட்டத்தன்று காலையில் அட்டை கொடுப்பதில்லை. முன்கூட்டியே அடையாளச் சான்றைக் காட்டி நாமே வாங்க வேண்டும். அங்கேதான் ஏற்பாட்டின் ஒழுங்கு கண்ணில் பட ஆரம்பித்தது. வரிசை, பலகை, யாரிடம் கேட்டாலும் ஒரே பதில். ஒரு பெரிய ஜங்ஷனை ஒழுங்காக நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால் சொல்கிறேன்.

இந்த ஓட்டம் 2008-இல் தொடங்கியது. மும்பையில் 2004-இல் மாரத்தான் தொடங்கி நன்றாக நடந்த பிறகு, இந்திய நகரங்களில் சாலை ஓட்டங்கள் ஒவ்வொன்றாக வேரூன்றின. பெங்களூரில் நடப்பது உலகத் தடகள சங்கத்தின் தரச் சான்று பெற்ற ஓட்டம். அப்படியானால் பாதையின் தூரத்தை முறைப்படி அளந்திருக்க வேண்டும். எப்படி அளக்கிறார்கள் என்பது என்னைப் போன்ற என்ஜினீயருக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அளப்பது சைக்கிளால்! முன் சக்கரத்தில் ஒரு சிறிய எண்ணும் கருவி. 1971-இல் அமெரிக்காவில் ஆலன் ஜோன்ஸ் என்பவரும் அவர் மகனும் செய்தது. ஜோன்ஸ் கவுன்ட்டர் என்று பெயர். முதலில் நேரான சாலையில் சுமார் 300 மீட்டரை இரும்பு டேப்பால் அளந்து குறிப்பார்கள். அதன் மேல் சைக்கிளை நான்கு தடவை ஓட்டி, ஒரு கிலோமீட்டருக்குக் கருவி எத்தனை எண்ணுகிறது என்று கண்டுபிடிப்பார்கள். பிறகு பந்தயப் பாதை முழுவதும் ஓட்டுவார்கள். வளைவில் உள்விளிம்புக் கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, அதாவது ஓடுகிறவன் போகக்கூடிய மிகக் குறுகிய வழியில். முடிந்ததும் மறுபடியும் அந்த 300 மீட்டரில் நான்கு தடவை. ஏன்? வெயில் ஏறினால் டயரில் காற்று விரிந்து கணக்கு மாறும். தண்டவாளக்காரனுக்கு இது புதிதல்ல. 30 டிகிரி வெப்பம் கூடினால் ஒரு கிலோமீட்டர் இரும்பு, கட்டுப்பாடு இல்லாவிட்டால், சுமார் 34 சென்டிமீட்டர் நீளும்.

கடைசியாக ஆயிரத்துக்கு ஒன்று வீதம் தூரத்தைக் கூட்டுவார்கள். பத்து கிலோமீட்டருக்குப் பத்து மீட்டர். பாதை தவறியும் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக. ஓடி முடித்தவனிடம், "ஐயா, நீங்கள் ஓடியது முழுப் பத்து இல்லை" என்று யாரும் சொல்ல முடியாதபடி, முன்கூட்டியே அந்தப் பத்து மீட்டரை வைத்துவிடுகிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்துப்போனது.

இன்னொரு வேடிக்கை. எங்கள் பெரிய பாதைகளில் ஒரு கிலோமீட்டருக்கு 1,660 ஸ்லீப்பர் போடுவோம். டிராலிமேனிடம், "பத்து கிலோமீட்டர் என்றால் 16,600 கட்டை" என்றேன். "அவ்வளவுதானா சார்?" என்றார்.

ஓட்டம்

விடியும் முன்பே கூட்டம் சேர்ந்துவிட்டது. பல ஆயிரம் பேர். வேகமாக ஓடுகிறவர்களையும் மெதுவாக ஓடுகிறவர்களையும் ஒன்றாக விட்டால் இடித்துக்கொள்வார்கள் அல்லவா? அதனால் முந்தைய ஓட்டங்களின் நேரச் சான்றைப் பார்த்துப் பிரித்து நிறுத்துகிறார்கள். முன்னால் எக்ஸ்பிரஸ், நடுவில் பாசஞ்சர், கடைசியில் கூட்ஸ் வண்டி. சான்று எதுவும் இல்லாத நாங்கள் கூட்ஸ் வரிசை.

எங்கள் வரிசை புறப்படும் கோட்டை மிதிக்கவே பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. கவலை இல்லை. எண் அட்டையில் ஒரு சிறு தகடு இருக்கிறது. அதற்கு பாட்டரி கிடையாது. கோட்டின் மேல் விரித்திருக்கும் பாயில் ஆன்டெனா இருக்கிறது; அதிலிருந்து வரும் ரேடியோ அலையே தகட்டுக்கு உயிர் கொடுத்து அதன் எண்ணைப் படித்துக்கொள்ளும். நாம் பாயை மிதித்த விநாடியிலிருந்துதான் நம் கணக்கு. எந்த வண்டி எந்தப் பகுதியில் இருக்கிறது என்று காட்டும் எங்கள் டிராக் சர்க்யூட்டின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காலையில் இதமாக இருந்தது. மூன்று கிலோமீட்டர் வரை இரண்டு பேரும் சேர்ந்தே ஓடினோம். அவர் எனக்காக வேகத்தை அடக்கி ஓடுவது தெரிந்தது. "நுவ்வு போ, எனக்காக நிற்காதே" என்றேன். தயங்கினார். "இது ஆர்டர்" என்றேன். சிரித்துவிட்டுப் போனார். அந்தப் பழைய கான்வாஸ் ஷூ கூட்டத்தில் சின்னச் சின்ன அடியாக மறைவதைப் பார்த்தேன். பதினொரு வருஷத்தில் அவர் ஓடுவதை முன்பக்கம் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதுவரை அவர் எப்போதும் எனக்குப் பின்னால்தானே!

அல்சூர் ஏரிப் பக்கம் காற்று நன்றாக இருந்தது. குடிநீர் மேஜைகள் இடைவெளி விட்டு இருந்தன. கர்நாடகப் பிள்ளைகள் கை தட்டி உற்சாகப்படுத்தினார்கள். கூட்டத்தில் யாரோ "விடாதீங்க தாத்தா" என்று தமிழில் குரல் கொடுத்ததும் எனக்கு ஒரு கிலோமீட்டருக்குத் தெம்பு வந்துவிட்டது.

ஏழாவது கிலோமீட்டரில் ஒரு மேடு. வலது கெண்டைக்காலில் நரம்பு சுண்டி இழுத்தது. நிற்க முடியவில்லை; நடைபாதைக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். ஓடுகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். 'இந்த வயதில் உனக்கு இது தேவையா?' என்று மனம் கேட்டது. ஆட்டோ பிடித்து மகன் வீட்டுக்குப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது.

ஒரு தொண்டர் பெண் ஓடி வந்தாள். இருபது வயது இருக்கும். என் பெயர் என்ன, எந்த ஊர், இன்று என்ன கிழமை என்று வரிசையாகக் கேட்டாள். இதென்ன நேரங்கெட்ட நேரத்தில் குசலம் விசாரிக்கிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, எனக்கு நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறாள். சர்க்கரை உண்டா, மாத்திரை சாப்பிட்டீர்களா என்றும் கேட்டாள். உப்புச் சர்க்கரை கலந்த தண்ணீர் கொடுத்து, காலை நீட்டி அழுத்திவிட்டாள். "வண்டி வேண்டுமானால் இருக்கிறது அங்கிள். வேண்டாமென்றால் மெதுவாக நடக்கலாம். உங்களுக்குப் பின்னாலும் ஆட்கள் வருகிறார்கள், எங்கள் வண்டி எல்லாருக்கும் பின்னால் வரும்" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் ஆம்புலன்ஸ் ஒன்று ஊர்ந்து வந்தது. அதற்கு முன்னால் நாலைந்து பேர் நடந்தும் ஓடியும் வந்துகொண்டிருந்தார்கள்.

எல்.வி. பலகை

ரயிலின் கடைசிப் பெட்டியின் பின்பக்கம் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பகலில் 'எல்.வி.' என்று எழுதிய ஒரு சிறு பலகையும் தொங்கும். இரவில் சிவப்பு விளக்கு. கடைசி வண்டி என்பதன் சுருக்கம் அது. ஸ்டேஷனைத் தாண்டும் ஒவ்வொரு ரயிலிலும் ஸ்டேஷன் மாஸ்டர் அந்தப் பலகையைப் பார்க்க வேண்டும். எஞ்சின் வந்துவிட்டது என்பதால் ரயில் வந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. நடுவில் எங்காவது இணைப்பு அறுந்து பின்பெட்டிகள் பாதையிலேயே நின்றிருக்கலாம். கடைசி வண்டியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ரயில் முழுதாக வந்தது என்று கணக்கு. அதுவரை அடுத்த ரயிலுக்கு 'லைன் கிளியர்' கிடையாது.

அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தபோது இது நினைவுக்கு வந்தது. இந்த ஓட்டத்தை நடத்துகிறவர்கள் எல்.வி. பலகையைப் பார்க்கத் தெரிந்தவர்கள். ஒலிம்பிக் வீரருக்குப் பாதை போடுவது பெரிதில்லை. அவர் அரை மணிக்குள் போய்விடுவார். ஒன்றே முக்கால் மணி நேரமாக ஊர்ந்து வரும் கிழவனுக்கும் மேஜையில் தண்ணீர் மிச்சம் இருந்ததே, அதற்குத்தான் பெரிய திட்டம் வேண்டும். எந்தச் சாலை ஓட்டத்திலும் ஒரு கெடு உண்டு. அதன் பிறகு போக்குவரத்துக்குச் சாலையைத் திறந்தாக வேண்டும். அந்தக் கெடுவுக்குள் கடைசி ஆள்வரை பார்த்துக்கொள்வதுதான் ஏற்பாட்டாளரின் வேலை.

பவுஜா சிங் என்ற பெரியவரை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். மனைவியையும் மகனையும் இழந்த துக்கத்தை ஆற்றிக்கொள்ள, எண்பதைத் தாண்டிய பிறகு ஓட ஆரம்பித்தவர். 2011-இல், தம் நூறாவது வயதில், டொராண்டோ மாரத்தானை எட்டு மணி நேரத்துக்கும் மேல் எடுத்து முடித்தார். 2025 ஜூலையில் சொந்த ஊர்ப் பக்கம் சாலை விபத்தில் காலமானார். அவரை உலகம் கொண்டாடியது. அவர் வந்து சேரும்வரை யாரோ சிலர் காத்திருந்திருப்பார்கள் அல்லவா? அவர்களையும் நான் இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

எழுந்தேன். சின்ன அடி. காலைப் பார்க்காமல் பத்துக் கட்டை தள்ளிப் பார்த்தேன்.

லைன் கிளியர்

முடிவுக் கோட்டுக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது தடுப்புக் கம்பிக்கு அப்பால் ஒரு குரல் கேட்டது. "லைன் கிளியர் சார்! லைன் கிளியர்! ரண்டி, ரண்டி!" 'ரண்டி' என்றால் தெலுங்கில் 'வாருங்கள்'. பக்கத்தில் நின்றவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. கழுத்தில் மெடலோடு என் டிராலிமேன் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார். அவர் 1 மணி 9 நிமிடத்தில் முடித்திருந்தார். அரை மணி நேரத்துக்கும் மேலாக எனக்காக நின்றிருக்கிறார்.

கோட்டைத் தாண்டினேன். என் கழுத்திலும் மெடல் போட்டார்கள். அவருக்குப் போட்ட அதே மெடல். பக்கத்தில் போய், மூச்சு வாங்கிக்கொண்டே, "அன்னா, மீரு சால பாக பரிகெத்தாரு" என்றேன். "அண்ணா, நீங்கள் ரொம்ப நன்றாக ஓடினீர்கள்" என்று அர்த்தம். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஐயோ சார், என்னைப் போய்..." என்று இழுத்தார். நான் திருத்திக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை அவர் எனக்கு அண்ணாதான். அவர் மட்டும் 'சார்' என்பதை விடமாட்டேன் என்கிறார்.

கிளம்பலாம் என்றார். "கடைசி ஆள் வரட்டும்" என்றேன். இருவரும் கம்பி ஓரம் நின்றோம். கடைசியாக வந்தவர்களில் நடுத்தர வயது அம்மாள் ஒருவர். புடவைக்கு ஷூ போட்டுக்கொண்டு, கணவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். அவருக்கும் அதே கைதட்டல், அதே மெடல். அதற்குப் பின்னால் வண்டி வந்தது. ரயில் முழுதாக வந்துவிட்டது.

நேரச் சான்றை மகன் அச்சடித்துக் கொடுத்தான். அண்ணா தம் சான்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர், வயது, மணி, நிமிடம், விநாடி. "சார், இத்தனை வருஷம் ஓடினேன். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்னு யாரும் எழுதி வைக்கல" என்றார். குறை சொல்லும் குரலில் இல்லை, ஆச்சரியமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நோட்டுப் புத்தகம் அத்தனை வருஷமும் என் கையில்தான் இருந்தது. ஜல்லி குறைவு, போல்ட் தளர்வு எல்லாம் எழுதினேன். தள்ளியவர் பெயரை ஒரு நாளும் எழுதியதில்லை.

நமக்கு ஒரு வேண்டுகோள்

நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் வருஷா வருஷம் ஓட்டப் போட்டி வைக்கிறோம். முதல் மூன்று பேருக்கு எவர்சில்வர் பாத்திரம் பரிசு. நான்காவது ஆள் வருவதற்குள் கயிற்றைச் சுருட்டிவிடுகிறோம். பெரியவர்களுக்கான நடைப் போட்டியில் கடைசியாக வந்தவருக்கு மோர்கூட மிஞ்சுவதில்லை. நானே செயற்குழுவில் இருந்து இதைச் செய்திருக்கிறேன். ஆகவே மற்றவர்களைக் குறை சொல்லவில்லை.

வருகிற பொங்கலுக்கு மூன்று காரியம் செய்வோம். முதலாவது, பாதையை ஒழுங்காக அளப்போம். சைக்கிளும் டேப்பும் நான் கொண்டு வருகிறேன். இரண்டாவது, கடைசி ஆளுக்குப் பின்னால் நம் ஆள் ஒருவர் தண்ணீரோடும் முதலுதவிப் பெட்டியோடும் நடந்து வரட்டும். மூன்றாவது, முடித்தவர் அத்தனை பேர் பெயரையும் நேரத்தோடு நம் மலரில் அச்சிடுவோம். பரிசு முதல் மூன்று பேருக்கே இருக்கட்டும். பெயர் எல்லாருக்கும் உரியது.

கடைசி ஆளுக்குப் பின்னால் நடக்கும் அந்த வேலைக்கு யாரும் முன்வர மாட்டார்கள் என்று செயற்குழு கவலைப்பட வேண்டாம். ஆள் தயார். 64 வயதில் பத்து கிலோமீட்டரை 1 மணி 41 நிமிடத்தில் முடித்த எனக்கு, கடைசி ஆளோடு நடந்து வர வேகம் தாராளமாகப் போதும். சந்திரகிரியிலிருந்து அண்ணாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.